ஒரு பெரியவர், இரண்டு உயரத்தில் இரண்டு பிள்ளைகள்: யுனிவர்சல் ஸ்டூடியோஸில் எந்த ரைடு முதலில்?

சிங்கப்பூர் போகிறோம் என்று சொன்னாலே போதும், அங்குள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா பற்றி மூன்று அறிவுரைகள் தானாக வந்து சேரும். காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள், கூடுதல் பணம் கட்டிக் குறுகிய தனி வரிசையில் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கிவிடுங்கள், பெரிய ரைடுகளை முதலில் முடித்துவிடுங்கள். கணவனும் மனைவியுமாகப் போகிறவர்களுக்கும் நண்பர்களோடு போகிற இளைஞர்களுக்கும் இந்த மூன்றும் பொருந்தும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் போகும்போது, அதிலும் அந்தப் பிள்ளைகளுக்குள் ஓரடி உயர வித்தியாசம் இருக்கும்போது, முதல் அறிவுரையைத் தவிர மற்ற இரண்டும் காலை வாரிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு நாளில் பணமும் போனது, என் மகன் பல மாதங்கள் ஆசைப்பட்டுக் காத்திருந்ததும் போனது. என்னைப்போல் தனியாகப் பிள்ளைகளோடு கிளம்பும் அம்மாக்களும் அப்பாக்களும் தாத்தா பாட்டிகளும் இதைப் படித்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும்.

நாங்கள் நால்வரும் போவதாகத்தான் இருந்தது. கிளம்பும் வாரத்தில் கணவருக்கு அலுவலகத்தில் விடுப்பை ரத்து செய்துவிட்டார்கள். திருச்சியிலிருந்து விமான டிக்கெட், ஓட்டல் எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாகிவிட்டது, பிள்ளைகள் பெட்டி கட்டிவிட்டார்கள். நான் மட்டும் அழைத்துப் போவது என்று முடிவாயிற்று. மகளுக்குப் பதினொரு வயது, உயரம் 142 சென்டிமீட்டர். மகனுக்கு ஆறு வயது, 113 சென்டிமீட்டர். பயணத்தை ஏற்பாடு செய்த ஏஜென்ட் எங்கள் ஊரில் பெயர் பெற்றவர். கணவர் வரவில்லை என்று தெரிவித்ததும் அவருடைய டிக்கெட்டை ரத்து செய்துகொடுத்தார். ஆனால் எங்களுக்கென்று எழுதி வைத்திருந்த ரைடு வரிசையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. "மேடம், இந்தத் தாளில் இருப்பதுபோல் வரிசையாகப் போங்கள், மூன்று பேருக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் போட்டிருக்கிறேன், கவலையே வேண்டாம்" என்றார். நுழைவு டிக்கெட்டுக்கு மேல் அந்த மூன்று பாஸ்களுக்கு மட்டும் ஏறத்தாழ 16,000 ரூபாய்.

அந்தத் தாளில் இருந்த வரிசை இதுதான்: பேட்டில்ஸ்டார் கேலக்டிகா, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, ஜுராசிக் படகு, ஃபார் ஃபார் அவே கோட்டை, கடைசியில் மஞ்சள் கார்ட்டூன் பொம்மைகளின் மினியன் லேண்ட். பூங்காவின் அமைப்பு தெரிந்தால் இது ஏன் என்று புரியும். நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றி வட்டமாகப் பகுதிகள். வாசலில் ஹாலிவுட் வீதி. அங்கிருந்து வலப்பக்கம் திரும்பினால் நியூயார்க், அடுத்து சைஃபை சிட்டி, எகிப்து, தொலைந்த உலகம், ஃபார் ஃபார் அவே, கடைசியாக 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட், மறுபடி ஹாலிவுட். ஏஜென்ட் வாசலில் நின்று வலப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி எழுதியிருந்தார், அவ்வளவுதான். எந்த ரைடில் எவ்வளவு உயரம் வேண்டும், யார் யாரோடு ஏறுவார்கள், எது வெட்டவெளியில் இருக்கிறது, எது கூரைக்குள் இருக்கிறது என்ற எந்தக் கணக்கும் அதில் இல்லை.

பேட்டில்ஸ்டார் என்பது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகும் இரண்டு ரோலர் கோஸ்டர்கள். சிவப்புத் தடத்தில் உட்கார்ந்து போகலாம், நீலத் தடத்தில் கால்கள் அந்தரத்தில் தொங்கும். அதில் ஏற 125 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். வாசலில் இருந்த ஊழியர் என் மகனை அளவுகோலின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு மிகவும் பணிவாகத் தலையசைத்தார். விதி சரியானது, உயிர் சம்பந்தப்பட்டது, அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் என் கையில் இருந்த இரண்டு பாஸ்களுக்கு அங்கே மதிப்பு இல்லாமல் போனது. மகனுடையது, அவனை விட்டுவிட்டு ஏற முடியாத என்னுடையது. இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் குழந்தையோடு நிற்க, மற்றவர் ஏறி இறங்கி, பிறகு வரிசையில் மறுபடி நிற்காமல் இடம் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு பெரியவர் இல்லாதவருக்கு அந்த வசதியால் பயனில்லை. மகள் முகத்தைப் பார்த்தேன். "நான் தனியாகப் போய்விட்டு வருகிறேன் அம்மா" என்றாள். உயரம் போதும் என்று ஊழியரும் சொன்னார். அனுப்பினேன்.

அதற்குப் பின் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது. நான் அவளை அனுப்பிய வாசலிலேயே நின்றேன். எக்ஸ்பிரஸ் வழி, கால் மணி நேரத்தில் வந்துவிடுவாள் என்ற நம்பிக்கை. தலைக்கு மேல் இரயில் போகும் ஒவ்வொரு முறையும் அலறல் கேட்கும், மகன் "அக்கா அதில் இருக்கிறாளா?" என்று கேட்பான். இருபது நிமிடம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று, வரவில்லை. ஏறும் வழியும் இறங்கும் வழியும் வேறு என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. அந்த ரைடில் பையையும் செல்போனையும் கொண்டுபோக முடியாது என்பதால் அவளுடைய போன் என் பையில் இருந்தது. அவள் இறங்கி வந்து, என்னைக் காணாமல், நான் தேடி வருவேன் என்று ஒரு கடையோரத்தில் நின்றிருக்கிறாள். நான் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தப் பகுதியை மூன்று பக்கமும் சுற்றினேன். வெயில், வியர்வை, தொண்டை அடைத்துக்கொண்டு யாரிடமும் கோவையாகப் பேசக்கூட வரவில்லை. ஓர் ஊழியரின் சட்டையில் இருந்த தமிழ்ப் பெயரைப் பார்த்து அவரிடம் ஓடினேன். "பயப்படாதீர்கள் அக்கா, இங்கேதான் இருப்பாள்" என்று சொல்லிவிட்டு, அவள் போட்டிருந்த சட்டையின் நிறத்தைக் கேட்டுக் கம்பியில்லாக் கருவியில் சொன்னார். சில நிமிடங்களில் இன்னோர் ஊழியரோடு மகள் வந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும்தான் அழுதாள். பூங்காவில் கூட்டம் குறைவாக இருக்கும் முதல் ஒன்றேகால் மணி நேரம் இதிலேயே போய்விட்டது.

பெரிய பிள்ளையைத் தனியாக ஏற்றுவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே பெரியவர் போகும்போது அது தவிர்க்க முடியாததாகவும் இருக்கலாம். ஆனால் அதை நாளின் முதல் வேலையாக வைக்கக் கூடாது. முதலில் எல்லோரும் சேர்ந்து ஏறும் ரைடுகளில் இரண்டு முடியட்டும், இடம் பிள்ளைக்குப் பழகட்டும். பிறகு ஏறுவதற்கு முன், இறங்கும் வழி எங்கே என்று ஊழியரிடம் கேட்டு, மூவரும் நடந்துபோய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "இந்தத் தூணுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன், நீ வேறெங்கும் நகரக் கூடாது" என்று சொல்லி அனுப்ப வேண்டும். உங்கள் செல்போன் எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பிள்ளையின் பொத்தான் போட்ட பையில் வைத்துவிடுங்கள். அந்நிய நாட்டு எண் என்றால் நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். இன்னொன்று: பேட்டில்ஸ்டார், மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஆகியவற்றில் தனியாக ஏறுபவர்களுக்கென்று ஒரு வரிசை உண்டு. காலியாக இருக்கும் ஒற்றை இருக்கைகளை அதில் நிற்பவர்களைக் கொண்டு நிரப்புவார்கள். அது திறந்திருக்கும்போது பெரும்பாலும் பொது வரிசையைவிட வேகமாக நகரும், கூடுதல் பணமும் இல்லை. எப்படியும் தனியாக ஏறப்போகிற பிள்ளைக்கு எக்ஸ்பிரஸ் பாஸ் எதற்கு?

அடுத்தது டிரான்ஸ்ஃபார்மர்ஸ். இதில் 102 சென்டிமீட்டர் இருந்தால் போதும், 122-க்குக் குறைவானவர்கள் பெரியவரோடு ஏற வேண்டும். மூவரும் சேர்ந்து ஏறக் கிடைத்த முதல் ரைடு என்பதால் நான் நிம்மதியாகத்தான் போனேன். அது தண்டவாளத்தில் கீழே விழுகிற ரைடு இல்லை. முப்பரிமாணக் கண்ணாடி போட்டு, ஆட்டி உலுக்கும் வண்டியில் உட்கார்ந்து, இருட்டில் பெரிய திரைகளின் முன்னால் போவது. மகளுக்கு மிகவும் பிடித்தது. மகனோ இரண்டாவது திரையிலேயே கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு என் கையைக் கவ்விப் பிடித்துக்கொண்டான். முகத்துக்கு நேரே ஓர் இயந்திரம் பாய்கிறது, காதைப் பிளக்கும் சத்தம், காலடியில் வண்டி நடுங்குகிறது. இறங்கியபின் என் மணிக்கட்டில் அவன் நகம் பதிந்த நான்கு பிறைகள் இருந்தன. "இனிமேல் இருட்டு ரைடு வேண்டாம்" என்றான். அது சில நிமிடத்து அழுகை என்று நினைத்து ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். ஐஸ்கிரீமைச் சாப்பிட்டான், பயத்தை விடவில்லை.

இங்கேதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இருக்கிறது. உயரக் கணக்கு உடம்புக்குப் பாதுகாப்பு, மனத்துக்கு அது எந்த உறுதியும் தருவதில்லை. 102 சென்டிமீட்டரைத் தாண்டிய குழந்தை அந்த இருக்கையில் பத்திரமாக உட்காரும், அவ்வளவுதான் அதன் பொருள். சிறு குழந்தைக்கு அந்த நாளின் முதல் ரைடு எப்படி அமைகிறதோ, அதை வைத்துத்தான் மீதி எல்லாவற்றையும் அது எடைபோடுகிறது. மெதுவானதில் தொடங்கினால் "இன்னும் கொஞ்சம் வேகமாக இருந்தால் என்ன" என்று குழந்தையே கேட்கும். பயங்கரமானதில் தொடங்கினால் பொம்மைக் கார்கூடப் பேயாகத் தெரியும். நியூயார்க் பகுதியில் செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் நிகழ்ச்சியின் பொம்மைகள் வரும் ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ் என்று ஒரு ரைடு இருக்கிறது. அதுவும் இருட்டுக்குள் போவதுதான், ஆனால் ஊர்ந்து போகும், வண்ண விளக்கும் சிரிப்பும்தான். அதை முதலில் காட்டியிருந்தால் இருட்டு என்பது விளையாட்டு என்று அவனுக்குப் பட்டிருக்கும். வாசலிலிருந்து சைஃபை சிட்டிக்குப் போகும் வழியிலேயே அது இருந்தது. ஏஜென்டின் தாளில் அதன் பெயரே இல்லை.

மம்மி ரைடைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இருட்டுக்குள் ஓடும் ரோலர் கோஸ்டர், 122 சென்டிமீட்டர் வேண்டும். காலையில் நடந்ததற்குப் பிறகு மகள் தனியாகப் போக மறுத்துவிட்டாள். மூன்று பாஸும் அங்கே வீண். அவளுக்கு ஊரிலிருந்தே அதில் ஏற வேண்டும் என்று ஆசை. வாசலில் நிற்கும் பெரிய சிலைகளை மட்டும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தோம்.

பகல் பன்னிரண்டே முக்காலுக்கு ஜுராசிக் படகு. வட்டமான படகில் சுற்றி உட்கார்ந்து ஆற்றில் போவோம், கடைசியில் இருட்டான ஒரு கட்டடத்துக்குள் படகு போய், மேலே தூக்கப்பட்டு, தண்ணீரில் சறுக்கி விழும். 107 சென்டிமீட்டர் போதும் என்பதால் மகனும் ஏறலாம். இருட்டுக் கட்டடம் வரும் என்று எனக்குத் தெரியாததால் அவனுக்கும் சொல்லவில்லை. அங்கே மறுபடி ஒரு அலறல். இறங்கும்போது மூவரும் உள்ளாடை வரை நனைந்திருந்தோம். மாற்று உடை ஓட்டலில் இருந்தது. அந்த ஈரத்தோடு சாப்பிடப் போனோம். இந்தியச் சாப்பாடு கிடைக்கும் இடம் என்று தேடிப் போய் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்தால், மகனுக்குப் பல் கிட்டிக்கொண்டது. தட்டில் இருந்ததை யாரும் தொடவில்லை. வயிறும் ஒத்துழைக்கவில்லை. நம் ஊருக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே ஒரு மணி என்றால் பிள்ளைகளின் வயிற்றில் காலை பத்தரை மணிதான். பசியில்லாத வேளையில் உணவகக் கூட்டத்தில் முக்கால் மணி நேரத்தைக் கழித்தோம்.

உண்மையில் அந்த இரண்டரை மணி நேரம் நமக்கு வரம். ஊரிலிருந்து வந்த முதல் சில நாட்களில் பிள்ளைகளுக்கு அங்கே மூன்று மணிக்கு மேல்தான் மதியப் பசி எடுக்கும். பன்னிரண்டு முதல் இரண்டு வரை மற்றவர்கள் சாப்பிட வரிசையில் நிற்கும்போது நாம் ரைடில் ஏறிவிட்டு, உணவகங்கள் காலியான பின் சாப்பிடலாம். நனையும் ரைடைச் சாப்பாட்டுக்கு முன்னும் வைக்கக் கூடாது, குளிரூட்டிய அரங்குக்கு முன்னும் வைக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு மெல்லிய உடுப்பு, ஒரு துண்டு, ரப்பர் செருப்பு, ஊரில் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் மழைச்சட்டை ஆகியவை ஒரு நெகிழிப் பையில் இருந்தால் போதும். அங்கேயும் மழைச்சட்டை விற்கிறார்கள், காசு போட்டால் சூடான காற்று அடிக்கும் பெட்டியும் இருக்கிறது. மூன்று பேருக்குக் கணக்குப் போட்டால் ஊரிலிருந்து கொண்டுபோவதுதான் மலிவு.

இரண்டரை மணிக்கு ஃபார் ஃபார் அவே பகுதிக்கு வந்தோம். மகனுக்கு ஏற்ற ரைடுகள் இருக்கும் இடம் அது. டிராகன் வடிவில் ஓடும் சின்ன ரோலர் கோஸ்டர் இருக்கிறது, பூஸ் இன் பூட்ஸ் தொங்கு வண்டி இருக்கிறது. கோட்டையைப் பார்த்ததும் அன்று முதல் முறையாக அவன் முகம் மலர்ந்தது. வரிசையில் போய் நின்றோம், வானம் இருண்டது. இன்னும் ஒரு துளிகூட விழவில்லை, மின்னல் எச்சரிக்கை என்று வெட்டவெளி ரைடுகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். மழை பெய்யத் தொடங்கியதும் பூங்காவில் இருந்த கூட்டம் முழுவதும் கூரை உள்ள இடங்களுக்கு ஓடியது. நாங்களும் ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஈரச் சட்டையோடு ஒடுங்கி நின்றோம். ஒன்றரை மணி நேரத்துக்குமேல் எதுவும் ஓடவில்லை.

சிங்கப்பூரில் மின்னல் என்பது எப்போதோ வரும் விபத்து இல்லை. பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் தீவு, ஆண்டில் பாதிக்கு நெருக்கமான நாட்களில் எங்கேயாவது இடி இடிக்கும். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களில் பகல் சூடு ஏறி மதியத்துக்குப் பிறகு இடி மழை கொட்டுவது அங்கே வழக்கம். நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையும் அதே ஏப்ரல், மே தான். ஆகவே நம் ஊரிலிருந்து விடுமுறையில் போகிறவர்கள் மதியம் இரண்டு மணிக்குமேல் மழை வரும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும். வெட்டவெளி ரைடுகள் காலையில், கூரைக்குள் இருப்பவை மதியத்தில். இது பூங்காவின் வரைபடத்தைச் சுற்றி வருவதைவிட முக்கியமான வரிசை. சிங்கப்பூர் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் மழைமேகம் எங்கே நகர்கிறது என்று பார்க்கலாம். மே கடைசியில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் விடுமுறை தொடங்கிவிடும், அதற்கு முன்பாக வாரநாளில் போய்விடுவது நல்லது.

மழை குறைந்ததும் மினியன் லேண்டுக்குப் போனோம். ஊரில் அவன் தலையணை உறையில் மினியன், பள்ளிப் பையில் மினியன். இந்தப் பயணமே அவனைப் பொறுத்தவரை இதற்குத்தான். உள்ளரங்க ரைடின் வாசலில் எக்ஸ்பிரஸ் வழியில்கூட மழைக்கு ஒதுங்கியவர்கள் நிரம்பி இருந்தார்கள். பரவாயில்லை என்று நின்றோம். உள்ளே நுழையும் இடம் நெருங்க நெருங்க அவன் நடை தளர்ந்தது. "உள்ளே இருட்டாக இருக்குமா? அந்த ரோபோ மாதிரி சத்தம் வருமா?" என்று கேட்டான். இல்லை என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, திரையும் ஆட்டமும் உள்ள ரைடுதான் அது. அவன் என் துப்பட்டாவைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். "வேண்டாம் அம்மா, நாம் போய்விடலாம்." மகள் அவன் முன்னால் மண்டியிட்டு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வரிசையில் வந்த அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு நாங்கள் திரும்பி வந்தோம். எனக்கு ஏஜென்ட் மீதும் அந்தத் தாள் மீதும் வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. இதே குழந்தையைக் காலை பத்து மணிக்கு, பயம் என்றால் என்னவென்று தெரியாத மனத்தோடு, இடப்பக்கம் திருப்பி இங்கே அழைத்து வந்திருந்தால் துள்ளிக்கொண்டு உள்ளே போயிருப்பான். மாலையில் பகி பூகி என்ற ஆட்டபாட்ட ரைடு மட்டும் அவனுக்குக் கிடைத்தது. அதில் சிரித்தான். அதற்காகப் பூங்காவுக்கு நான் நன்றி சொல்கிறேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பல இரவுகள் உட்கார்ந்து, எங்களைப்போல் ஒரு பெரியவர் இரண்டு பிள்ளைகளோடு போனால் எந்த வரிசை சரியாக இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். கதவு திறந்ததும் இடப்பக்கம், மினியன் லேண்ட். புதிய பகுதி என்பதால் கூட்டம் சேரும் முன் அதை முடிக்க வேண்டும், சின்னவன் ஆசைப்பட்டதும் அதுதான். அங்கிருந்து பக்கத்திலேயே ஃபார் ஃபார் அவே: முதலில் டிராகன், பிறகு பூஸ் இன் பூட்ஸ். அடுத்து தொலைந்த உலகத்தில் கேனபி ஃப்ளையர். இது 92 சென்டிமீட்டருக்கே அனுமதிக்கும் தொங்கு ரைடு, ஒரு வண்டிக்கு நான்கு பேர்தான். அதனால் பெயர் பெரிதாக இல்லாவிட்டாலும் வரிசை எறும்புபோல் ஊரும், வெட்டவெளியும்கூட. பதினொன்றரைக்குள் இதை முடித்துவிட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ஸில் ஒரு வண்டிக்குப் பன்னிரண்டு பேர், அடுத்தடுத்து வண்டிகள் வந்துகொண்டே இருக்கும், நீண்ட வரிசையும் வேகமாகக் குறையும். ஆகவே புகழைப் பார்க்காமல், ஒரு முறைக்கு எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்று பார்த்து முன்பின் வைக்க வேண்டும். பேட்டில்ஸ்டார் 2013-இல் மூடப்பட்டு 2015-இல் திரும்பத் திறந்தபோது வண்டிக்குள் ஒரு வரிசைக்கு நான்கு இருக்கை என்பது இரண்டாகக் குறைந்தது. அங்கே காத்திருப்பு நீளமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேகம் திரளும் முன் பெரியவளைப் பேட்டில்ஸ்டாரில் ஏற்றிவிட வேண்டும், ஒற்றையர் வரிசை திறந்திருந்தால் அதில். அதே நேரத்தில் சின்னவனைப் பக்கத்திலேயே நியூயார்க் பகுதி ஸ்பகெட்டிக்கு அழைத்துப் போகலாம் என்று தோன்றும், போகாதீர்கள், சொன்ன இடத்திலேயே நில்லுங்கள். அவள் வந்த பிறகு மூவருமாகப் போகலாம். எகிப்தில் ட்ரெஷர் ஹன்டர்ஸ் என்று ஜீப் ரைடு உண்டு, மெதுவாகப் போகும், சின்னவன் நடைக்கு நல்ல ஓய்வு. மழை பிடித்துக்கொண்டால் கூரைக்குள் இருக்கும் மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ். டிரான்ஸ்ஃபார்மர்ஸில் சின்னவன் ஏறுவதா வேண்டாமா என்பதை அன்றைக்கு அவன் மனநிலையைப் பார்த்து அங்கே முடிவு செய்தால் போதும். நனையும் படகு எல்லாவற்றுக்கும் கடைசி, ஓட்டலுக்குக் கிளம்பும் முன். மின்னலால் அது ஓடாமல் போனால் போகட்டும். வாட்டர்வேர்ல்ட் சாகசக் காட்சிக்குப் பெரிய அரங்கு, ஒரே நேரத்தில் ஏராளமானோர் அமரலாம், கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்துக் காட்சியைப் பிடித்தால் கால்களுக்கும் ஓய்வு. முன்வரிசைகளில் தண்ணீர் தெறிக்கும், நிறத்தால் குறித்திருப்பார்கள், பின்னால் உட்காருங்கள்.

என் நாத்தனார் தன் இரண்டு பிள்ளைகளோடு போனபோது இந்த வரிசையை எழுதிக் கொடுத்தேன். அவளுடைய கணவர் கப்பலில் வேலை பார்க்கிறவர், அவளும் தனியாகத்தான் போனாள். எக்ஸ்பிரஸ் வாங்கவில்லை. மூன்று மணிக்கு அவளுக்கும் மழை வந்தது, அதற்குள் வெட்டவெளியில் கேனபி ஃப்ளையர் தவிர எல்லாம் முடிந்திருந்தது. அது அன்று காலையிலிருந்தே பராமரிப்புக்காக மூடியிருந்ததாம். போகும் நாளில் எது மூடியிருக்கும் என்று பூங்காவின் தளத்தில் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்பதை அவளிடமிருந்து நான் தெரிந்துகொண்டேன்.

எக்ஸ்பிரஸ் பாஸுக்குப் போன பணத்தை ஏஜென்டிடம் கேட்டேன். தேதி குறித்த பாஸ், திருப்பித் தர வழியில்லை, அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்கிறேன் என்றார். அடுத்த பயணத்தை நாங்களே பதிவு செய்துகொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். யாரிடம் வாங்கினாலும் பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள். பாஸ் ஒரு ரைடுக்கு ஒரு முறை மட்டுமா, எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறும் வகையா? இரண்டும் உண்டு, விலையும் வேறு, அதுவும் நாளுக்கு நாள் மாறும். அந்தப் பாஸில் அடங்கும் ரைடுகளின் பெயர்ப் பட்டியலைத் தரச் சொல்லுங்கள். வீட்டுச் சுவரில் பிள்ளைகளை நிறுத்தி அளந்த உயரத்தைப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வைத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளை ஏற முடியாத ரைடுகளை அடித்துவிட்டு, அதோடு உங்களுடைய பாஸிலும் அவற்றை அடியுங்கள். மீதி எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தபிறகு வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.